ஐயாவின் மூக்கு

மூன்றாவது சிவப்பு விழுந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கள் வீட்டுக்கு இரண்டு விழுந்துவிட்டன, இரண்டும் ஒரே மாதத்தில். அந்தக் கருவியைச் செய்தவளே நான்தான் என்பது இதில் பெரிய வேடிக்கை. நீங்கள் சிரிக்க வேண்டுமானால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு வயிறு எரிந்தது.

கருவியின் பெயர் மணக்காவல். சென்னையில் இப்போது அது இல்லாத அடுக்குமாடி கிடையாது. வாசல் நிலைக்கு மேலே, ஒரு சோப்புக்கட்டி அளவில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள்ளிருந்து வரும் காற்றை நாள் முழுக்க மோந்துகொண்டே இருக்கும். பச்சை விளக்கு எரிந்தால் நல்ல வீடு. சிவப்பு எரிந்தால் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கைப்பேசிக்குச் செய்தி போய்விடும். வருஷத்துக்கு மூன்று சிவப்பு வாங்கிய வாடகைக்காரர் வெளியேற வேண்டும். அத்தோடும் விடமாட்டார்கள். நகரத்துச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் பெயர் ஏறியவருக்குச் செங்கல்பட்டைத் தாண்டினால்தான் வீடு.

இதை ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்கும் என் கணவர் கஸ்பாருக்கும் சொந்த ஊர் வேம்பார், கடற்கரை. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த புதிதில் இருபத்து மூன்று வீடு ஏறி இறங்கினோம். எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான். எந்த ஊரு? வேம்பாரா? அப்ப மீன், கருவாடு எல்லாம் உண்டோ? 'உண்டு' என்று கஸ்பார் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடியிருக்கும். என் முழுப்பெயர் அமலோற்பவம். அதைக் கேட்டதுமே முகம் சுருங்கியவர்களும் உண்டு.

அதனால்தான் எங்கள் கம்பெனியில் இந்தத் திட்டம் வந்தபோது முதல் ஆளாக நான் போய் நின்றேன். மனிதன் ஆளைப் பார்த்து மூக்கைப் பிடிப்பான், கருவி காற்றை மட்டும்தான் பார்க்கும் என்று நம்பினேன். சன்னலைத் திறந்து வைத்து, ஒழுங்காகச் சமைத்தால் கருவாடு வறுத்த வீட்டுக்கும் பச்சை விழும். அதற்குப் பிறகு எந்த ஊரு, என்ன ஆளு என்று எவனும் வாசலில் நின்று கேட்க முடியாது. இதை மேடை போட்டு வாய் கிழியப் பேசியவள் நான்.

கருவிக்கு எது நல்ல வாசனை, எது கெட்ட வாசனை என்று யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும் இல்லையா? அதற்குச் சிற்சபேசன் ஐயாவைப் பிடித்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் வந்து பத்து நிமிஷம் பேசுவாரே, அவர்தான். எப்படி வாழ வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும், வீட்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னால் ஊரே கேட்டுக்கொள்ளும். ஒரு பாத்திரத்தை மோந்து பார்த்தே எந்தத் தெருச் சமையல் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அவர் சரி என்று சொன்னதை யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் என்பதால்தான் எங்கள் முதலாளிக்கு அவர் வேண்டியிருந்தார்.

நாற்பது வீட்டுச் சமையலறைக் காற்றை முந்நூறு கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, பதினோரு நாள் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, 'சரி' அல்லது 'ஆகாது' என்பார். நான் ஒலிப்பதிவு செய்துகொள்வேன். அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பதையும் அவர் சொன்ன பதிலையும் கருவி சேர்த்துக் கற்றுக்கொள்ளும். இவ்வளவுதான் சங்கதி.

முதல் சிவப்பு விழுந்த அன்று எங்கள் வீட்டில் மிளகு ரசமும் பீன்ஸ் பொரியலும்தான். செயலாளர் பரந்தாமன் நேரிலேயே வந்தார். பத்திரப்பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர் என்று பெயர் வாங்கியவர்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. மிஷின் காட்டுது. நான் என்ன பண்ண முடியும்?"

"சார், ரசம் வெச்சேன். வேணும்னா உள்ள வந்து பாருங்க."

"அய்யய்யோ, அதெல்லாம் எதுக்கு. மிஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

மூஞ்சியில் அடித்தாற்போல் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் மீன் சமைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராயபுரம் போய் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு வருவோம். அப்படியும் மூன்றாம் வாரம் இரண்டாவது சிவப்பு.

அதே வாரம் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் இருந்த ரஹ்மத்நிஷா வீட்டுக்கும் இரண்டாவது விழுந்தது. அவள் புருஷன் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள், பக்கத்துத் தெருவிலேயே பள்ளிக்கூடம். படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதானே இதைச் செஞ்சீங்க. எங்க வீட்ல அன்னைக்கி அடுப்பே பத்த வைக்கல. எல்லாருக்கும் காய்ச்சல், பிரெட்டு சாப்ட்டோம். பிரெட்டுக்குமா சிவப்பு?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சனிக்கிழமை ஆபீஸிலிருந்து சோதனைக் கருவி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் நிலையில் இருந்ததை ஒரு பிளாஸ்டிக் பையால் இறுக்கி மூடினேன்.

ரசம் வைத்தேன். பச்சை. பருப்பு கடைந்தேன். பச்சை. சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் சொல்லுவது வழக்கம். சிவப்பு விழுந்த இரண்டு நாளும் மழைக்காகச் சன்னலைச் சாத்தியிருந்தது ஞாபகம் வந்தது. அதேபோல் சாத்திவிட்டு ஏற்றினேன். கருவி இரண்டு நிமிஷத்தில் மஞ்சளுக்குப் போய், ஐந்தாவது நிமிஷம் சிவப்பானது. அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தேன். பச்சை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மெட்ரோ ரயில் ஓட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்த கஸ்பார், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னட்டி ஆச்சு?"

"மெழுகுவத்திக்குச் சிவப்பு காட்டுதுங்க."

"மெழுகுவத்தி நாறுதா?"

"அதான் எனக்கும் புரியல. இருங்க, இன்னொன்னு பாத்துடலாம்."

அவரைக் கடைக்கு அனுப்பி வாளைக் கருவாடு வாங்கிவரச் சொன்னேன். கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, நல்லெண்ணெயில் போட்டு முறுக முறுக வறுத்தேன். எத்தனை வருஷமாயிற்று. கஸ்பார் அடுப்பை விட்டு நகரவே இல்லை. கருவி மஞ்சளுக்குப் போனது. அப்புறம் எனக்கே ஒரு குறும்பு தோன்றியது. எதிர்வீட்டில் கேட்டு வாங்கி வந்த ஒரு கட்டிக் கற்பூரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் தட்டில் வைத்துக் கொளுத்தினேன். கருவாட்டு வாடை கண்ணைக் கரித்துக்கொண்டிருந்தது. கருவியில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

"இது சமையலை மோக்கல, புள்ள," என்றார் கஸ்பார். "ஆளை மோக்குது."

திங்கட்கிழமை காலை ஆபீஸில் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பதினோரு நாள் ஒலிப்பதிவையும் கேட்க ஆரம்பித்தேன். அரைமணி நேரத்தில் நிறுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். ஒவ்வொரு புட்டியைக் கொடுக்கும்போதும் ஐயா அன்போடு கேட்கிறார்: "இது யார் வீட்டுதும்மா?" நம் ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி. பெரிய மனிதர், மரியாதைக்குக் கேட்கிறார் என்று நானும் மரியாதையாகப் புட்டியின் லேபிளைப் பார்த்து வாசிக்கிறேன். "காசிமேடு, அந்தோணிராஜ் வீடு ஐயா." "ஆகாதும்மா." "நங்கநல்லூர், விஸ்வநாதன் வீடு ஐயா." "பேஷ். சரி." புட்டி புட்டியாக, நாள் நாளாக, என் குரல் பேரையும் ஊரையும் சொல்லிக்கொண்டே போகிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே காற்றை இரண்டு புட்டியில் அடைத்து, வேறு வேறு நாளில் கொடுப்போம். மோப்பவர் இரண்டுக்கும் ஒரே பதில் சொல்கிறாரா என்று பார்க்கத்தான். அப்படிப் பன்னிரண்டு ஜோடி வைத்திருந்தேன். இரண்டாவது புட்டியில் அடையாளம் தெரியக்கூடாது என்று பொய்ப் பெயர் ஒட்டியிருந்தேன். ஆனால் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. "ஐயாவையே சோதிக்கறதா? வெளிய தெரிஞ்சா அசிங்கம்மா" என்றார் முதலாளி. நானும் தலையை ஆட்டினேன்.

இப்போது ஒப்பிட்டேன். நூற்றுப் பன்னிரண்டாவது புட்டி, காசிமேடு அந்தோணிராஜ் வீடு: ஆகாது. அதே காற்று, இருநூற்று எழுபத்தெட்டாவது புட்டி, பொய்ப் பெயர் திருவான்மியூர் வைத்தியநாதன் வீடு: "சரி. பெருங்காயம் நல்லா எடுத்துக் கொடுக்குது பாரு." அந்தக் காற்றில் பெருங்காயமே கிடையாது. பன்னிரண்டு ஜோடியில் பதினொன்று இதே கதைதான். அவர் பெயரைக் கேட்டுப் பதில் சொன்னார். கருவி அந்தப் பெயர்க்காரர் வீடுகளில் பொதுவாக இருப்பதைத் தேடியது. மெழுகு, அத்தர், இடியாப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பால், மலிவான சலவைக் கட்டி, எது கிடைத்ததோ அதைப் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை வறுத்தபோதே ஒரு புட்டியில் அடைத்து வைத்திருந்த கருவாட்டுக் காற்றை எடுத்துக்கொண்டு அண்ணா நகரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நல்ல வரவேற்பு. காப்பி வந்தது.

"ஐயா, புதுசா ஒரு புட்டி. கொஞ்சம் பாத்துச் சொல்லணும்."

மூடியைத் திறந்து மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டார். நாலடி தள்ளி நின்ற எனக்கே வாடை அடித்தது.

"இது யார் வீட்டுதும்மா?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேன் ஐயா. நீங்களே சொல்லுங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். மூடியை நிதானமாகத் திருகி மூடி, புட்டியை ஊஞ்சல் பலகையில் வைத்தார்.

"காய்ச்சல்ல போச்சு. ஒன்பது வருஷம் ஆகுது. பால் தீஞ்சாக்கூடத் தெரியாது."

"அப்புறம் எப்படி ஐயா அந்த முந்நூறு புட்டியையும்..."

"நீ கேட்டியா? பேரு கேட்டேன், சொன்ன. ஊரு கேட்டேன், சொன்ன. அடுத்த புட்டிய எடுத்து நீட்டுன."

"உங்களால எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்திருக்கு தெரியுமா?"

"இதோ பாரும்மா. மூக்கு இருந்த காலத்துலயும் நான் யார் வீடுன்னு கேட்டுட்டுத்தான் மோந்து பாப்பேன். எங்கப்பாவும் அப்படித்தான். இந்த ஊர்ல எல்லாருமே அப்படித்தான். நான் மேடையில நின்னு சத்தமா சொல்றேன், அவ்வளவுதான் வித்தியாசம். நீ போய்ச் சொல்லு. தாராளமாச் சொல்லு. ஒருத்தரும் ஒன்னும் பண்ண மாட்டாங்க. காப்பி ஆறுது பாரு."

காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன். இந்த ஆளுடைய முகத்திரையைக் கிழிக்காமல் விடுவதில்லை என்று ஆட்டோவில் வரும்போது வாய்விட்டே சொன்னேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நிஷா வீட்டுக்கு மூன்றாவது சிவப்பு விழுந்தது. அன்றைக்கே அவள் வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையும் சிரிப்புமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எங்க மேல தப்பே இல்லைல்லக்கா?"

"ஒரு தப்பும் இல்ல. ஞாயித்துக்கிழமை பொதுக்குழு இருக்குல்ல, அங்க பேசறேன். உனக்கும் சேர்த்துத்தான் பேசறேன். நீ மூட்டை முடிச்சு எதையும் கட்டாதே."

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். நான் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினேன். நூற்றுப் பன்னிரண்டாவது புட்டி. இருநூற்று எழுபத்தெட்டாவது புட்டி. ஒரே காற்று, இரண்டு பெயர், இரண்டு தீர்ப்பு. ஐயாவுக்கு ஒன்பது வருஷமாக வாசனையே தெரியாது என்று அவர் வாயாலேயே சொன்னதைச் சொன்னேன். கற்பூரம் கொளுத்தினால் கருவாட்டுக்கும் பச்சை விழும் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

இதோ வெடிக்கப்போகிறது என்று காத்திருந்தேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அப்ப ஐயா மூக்கே இல்லாம இவ்வளவு கரெக்டா சொல்லியிருக்காரா? பெரிய மகான்தான் சார் அவரு."

சிரித்தார்கள். இரண்டு மூன்று பேர் கைகூடத் தட்டினார்கள்.

"கரெக்டா? என்னங்க கரெக்ட்டு? மெழுகுவத்திக்கும் அத்தருக்கும் சிவப்பு விழுது, அது கரெக்டா?"

பரந்தாமன் கையமர்த்தினார். "மேடம், டென்ஷன் ஆகாதீங்க. நீங்க சொல்றது எல்லாம் உண்மையாவே இருக்கட்டும். இந்த மிஷின் வந்து மூணு வருஷம் ஆச்சு. நம்ம பிளாக்ல ஒரு சண்டை உண்டா? யாராவது யாரையாவது மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டோமா? முன்னாடி நாமளே கேக்க வேண்டியிருந்துச்சு, எவ்வளவு சங்கடம். இப்ப அது பாத்துக்குது."

எல்லாத் தலைகளும் ஆடின. எனக்குக் கற்பூரம் கொடுத்த எதிர்வீட்டுக்காரம்மாவின் தலையும் ஆடியது. இவர்களுக்குத் தெரியாது என்று நான் நினைத்ததுதான் என் மடத்தனம். இத்தனை நாளும் இவர்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

"ஆனா உங்க விஷயம் வேற," என்று அவர் தொடர்ந்தார். "உங்களை எங்களுக்குத் தெரியும். படிச்சவங்க, சுத்தமான மனுஷங்க. நீங்க போறதுல யாருக்கும் விருப்பமில்ல. அதனால ஒரே தீர்மானமாப் போட்டுடலாம். மணக்காவல் தொடரும். மேடம் வீட்டுக் கருவிய மட்டும் பச்சையிலயே நிறுத்திடலாம். நீங்களும் சாரும் கை தூக்கணும் மேடம், அப்பதான் நாளைக்கு கோர்ட்டு அது இதுன்னு வராது. தூக்கலைன்னா, விதிப்படி அடுத்த சிவப்புக்குக் காலி பண்ண வேண்டியதுதான்."

நிஷா எழுந்து நின்றாள். "எங்க வீடு சார்?"

"அது மூணு ஆயிடுச்சேம்மா. உக்காருங்க, அதை அப்புறம் பேசலாம்."

அவள் உட்காரவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்."

முன்வரிசை தூக்கியது. நடுவரிசை தூக்கியது. எனக்குப் பக்கத்தில் கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டே தூக்கினார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் தைரியமாக இருந்திருப்பேன் என்று இப்போது சொல்லலாம். அது பொய். இருபத்து மூன்று வாசல்களும், கதவு மூடுவதற்கு முன்னால் அந்த முகங்கள் சுருங்கிய விதமும் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இன்னொரு தடவை என்னால் முடியாது. பரந்தாமன் பேனாவைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியாகத் தூக்கினேன்.

"ஏகமனதாக," என்று எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நிஷா வீட்டுச் சாமானை ஏற்ற வண்டி வந்தது. நான் இறங்கிப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை. மிக்ஸியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க கை தூக்குனதுல எனக்கு வருத்தமில்லக்கா," என்றாள். "மொத ஆளாத் தூக்கியிருக்கலாம். நான் கடைசி வரைக்கும் உங்களையே பாத்துட்டு நின்னுருக்க மாட்டேன்."